நுரையீரல் புற்றுநோயில் எந்தச் செல் வகை எத்தனை பேருக்கு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை எது?

அடினோகார்சினோமா. சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் செல்களின் தன்மை கொண்ட புற்று இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபடி, நுரையீரல் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 24.8 லட்சம் பேர். ஆண்களில் 45.6 சதவீதமும் பெண்களில் 59.7 சதவீதமும் அடினோகார்சினோமா. அடுத்தது ஸ்குவாமஸ் செல் புற்று. மூச்சுக்குழாயின் உள்சுவர் புகையால் எரிச்சலுற்று, தோலைப் போலத் தட்டையான செல்களாக மாறி, அதிலிருந்து கிளம்புவது. ஆண்களில் 29.4 சதவீதம், பெண்களில் 17.1 சதவீதம். மூன்றாவது சிறுசெல் புற்று, அதாவது ஸ்மால் செல். ஆண்களில் 11.5, பெண்களில் 9.7 சதவீதம். பெரிய செல் புற்று இரு பாலரிடமும் 6.5 சதவீதம்.

கூட்டிப் பார்த்தால் 93தான் வரும். மீதி ஏழு சதவீதத்தில் கார்சினாய்டு (பெரும்பாலும் மெதுவாக வளரும் ஒரு கட்டி), சார்கோமா (தசை, எலும்பு போன்றவற்றில் வரும் புற்று) சாயல் கொண்டவை, வகை குறிப்பிடப்படாதவை எல்லாம் அடங்கும்.

மருத்துவர் "85, 15" என்று ஏதோ சொன்னாரே?

அது வேறு வெட்டு. எல்லா வகைகளையும் இரண்டே பெட்டியில் போடுவது பழைய வழக்கம்: சிறுசெல் ஒன்று, சிறுசெல் அல்லாதது மற்றொன்று. முதலாவது சுமார் 15, இரண்டாவது சுமார் 85. சிகிச்சை இரண்டே பாதைகளாக இருந்த காலத்தில் இந்தப் பிரிவு போதுமானதாக இருந்தது. இன்று போதாது. "சிறுசெல் அல்லாத புற்று" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து முடிவு செய்ய முடியாது.

அமெரிக்காவில் சிறுசெல்லின் பங்கு 1986இல் 17 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தது; 2002இல் 13 ஆகக் குறைந்தது. அங்கே புகைப்பழக்கம் குறைந்ததும், சிகரெட்டே மாறியதும் காரணம் என்று கருதுகிறார்கள். ஆகவே "15" என்பதைத் தோராயமான எண்ணாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் எப்படி?

1990 வாக்கில் சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவமனை வெளியிட்ட பத்தாண்டுக் கணக்கில் ஸ்குவாமஸ்தான் முதலிடம்; மூன்றில் ஒருவருக்கு அது. பின்னர் வரிசை மாறியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2012இல் வெளியிட்ட கணக்கில் அடினோகார்சினோமா ஏறத்தாழ 44 சதவீதம், ஸ்குவாமஸ் 26, சிறுசெல் 8. டெல்லி எய்ம்ஸ் 2008 முதல் பத்தாண்டுகளில் பார்த்த 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளில் அடினோகார்சினோமா 34 சதவீதம், ஸ்குவாமஸ் 29க்குச் சற்றுக் குறைவு, சிறுசெல் 16.

டெல்லியில் சிறுசெல் மும்பையைப் போல இரு மடங்கு. அதற்காக டெல்லிக் காற்றில் சிறுசெல் விளைகிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எய்ம்ஸ் கணக்கில் முக்கால்வாசிப் பேர் புகைபிடித்தவர்கள். டாடா கணக்கில் பாதிப் பேர்தான். அந்த ஒரு வேறுபாடே சிறுசெல்லின் பங்கைக் கணிசமாக நகர்த்திவிடும். இன்னொரு காரணம் யார் எந்த வாசல் வழியாக மருத்துவமனைக்குள் வருகிறார்கள் என்பது. அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

ஒரே நோய், ஒரே நாடு. கணக்கு மட்டும் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

சதவீதம் என்பது எண்ணப்பட்டவர்களைப் பற்றிய செய்தி. யாரை எண்ணினார்கள், சதையை எப்படி எடுத்தார்கள் என்று கேட்காமல் அந்த எண்ணை வாங்கக்கூடாது.

முதலில் எடுக்கும் வழி. ஸ்குவாமஸும் சிறுசெல்லும் பெரும்பாலும் நெஞ்சின் நடுப்பகுதியில், பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டி வளரும். மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் பிராங்கோஸ்கோபிக் குழாயை உள்ளே விட்டால் கண்ணுக்கே தெரியும். அடினோகார்சினோமா பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில், விலா எலும்புப் பக்கமாக இருக்கும். அங்கே குழாய் எட்டாது, சி.டி. ஸ்கேனில் பார்த்தபடியே வெளியிலிருந்து ஊசி போட வேண்டும். ஆகவே பிராங்கோஸ்கோபி மட்டுமே செய்யும் மையத்தின் கணக்கில் ஸ்குவாமஸ் தூக்கலாகத் தெரியும். சி.டி. ஊசி அதிகம் போடும் மையத்தில் அடினோகார்சினோமா தூக்கலாகத் தெரியும்.

அறுவை சிகிச்சைப் பிரிவின் கணக்கு இன்னும் சாய்வானது. சிறுசெல் புற்று கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் பரவியிருக்கும் என்பதால் அறுவை மேசைக்கு அநேகமாக வராது. அந்தப் பிரிவின் பதிவேட்டைப் பார்ப்பவருக்குச் சிறுசெல் அரிய நோய் என்றே தோன்றும். கார்சினாய்டு நிறைய இருப்பது போலவும் தோன்றும்.

அறிகுறி இல்லாதவர்களைச் சோதிக்கும் ஸ்கிரீனிங்கிலும் இதே கதை. குறைந்த கதிர்வீச்சு சி.டி. வைத்து ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தால், ஓரத்தில் மெதுவாக வளரும் அடினோகார்சினோமா நிறைய அகப்படும். சிறுசெல் வேகமாக வளர்வதால் ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் இடையில் முளைத்து, அறிகுறியோடு வந்து நிற்கும்.

மக்கள்தொகைப் பதிவேடுகளுக்கு வேறு ஒரு குறை. சென்னைக்கு 1981 முதல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் பதிவேடு இருக்கிறது. இப்படி ஒரு பகுதியில் வரும் எல்லாரையும் எண்ணும் பதிவேடுகள் மருத்துவமனைக் கணக்கைவிட நேர்மையானவை. ஆனால் நுரையீரல் புற்றில் சிலர் சதைப் பரிசோதனை செய்யும் நிலையிலேயே இருப்பதில்லை. மூச்சுத்திணறலோடு வந்து, ஸ்கேனிலேயே முடிவு சொல்லப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் "வகை தெரியாதவர்" என்ற கட்டத்தில் விழுவார்கள். மற்ற வகைகளின் சதவீதம் அவர்களையும் சேர்த்து வகுத்ததா, விட்டுவிட்டு வகுத்ததா என்று பார்த்தால்தான் இரண்டு ஊர்களை ஒப்பிட முடியும். பலர் இதைப் பார்ப்பதில்லை.

ஸ்குவாமஸ் முதலிடத்தை எப்படி இழந்தது?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேலை நாடுகளில் நுரையீரல் புற்று என்றாலே புகைபிடிக்கும் ஆண், ஸ்குவாமஸ் என்றுதான் படம். 1950களிலிருந்து வடிகட்டி வைத்த சிகரெட்டும் "லைட்" சிகரெட்டும் வந்தன. நிக்கோடின் குறைவாகக் கிடைத்ததால் புகைப்பவர் ஆழமாக, அடிக்கடி இழுத்தார். முன்பு பெரிய குழாய்களில் படிந்த புகை இப்போது நுரையீரலின் ஓரம்வரை போனது. புகையிலைக் கலவையும் மாறி, நைட்ரோசமைன் வகை நச்சுகள் கூடின. சோதனை விலங்குகளில் இவை அடினோகார்சினோமாவை உண்டாக்குபவை. சிகரெட்டின் வடிவமைப்பு மாறியதால்தான் புகைப்பவர்களிடம் அடினோகார்சினோமா ஆபத்து கூடியது என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை முடிவாகவே சொன்னது. பாதுகாப்பானது என்று விற்கப்பட்ட பொருள் புற்றைக் குறைக்கவில்லை, அதன் வகையையும் இடத்தையும் மாற்றியது.

இது ஒரு பாதி. புகைபிடிக்காதவர்களின் பங்கு கூடியது மறு பாதி. மூன்றாவதாகக் கண்டறியும் முறையும் மாறியது: ஓரத்துக் கட்டியில் ஊசி போட முடிந்ததும், புதிய சாயங்கள் வந்ததும் முன்பு பெயரில்லாமல் கிடந்த பல கட்டிகள் அடினோகார்சினோமா என்று பெயர் பெற்றன. கூடியதில் எவ்வளவு உண்மையான கூடுதல், எவ்வளவு பெயர் மாற்றம் என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

புகைபிடிக்காதவர்களுக்கு எந்த வகை வரும்?

பெரும்பாலும் அடினோகார்சினோமா. ஆய்வுகளில் "புகைபிடிக்காதவர்" என்றால் வாழ்நாளில் 100 சிகரெட்டுக்கும் குறைவாகப் பிடித்தவர். ஆசியப் பெண் நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த வகையினர். வீட்டில் மற்றவர் விடும் புகை, விறகு, வறட்டி, நிலக்கரி அடுப்புப் புகை, காற்றிலுள்ள நுண்துகள், பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயு, வேலையிடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவை அறியப்பட்ட காரணிகள். பலருக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

சிறுசெல் வந்தவர்களில் புகைபிடிக்காதவர் நூற்றுக்கு ஐந்தாறு பேர்கூடத் தேறுவது கடினம். எனவே ஒருபோதும் புகைக்காத ஒருவருக்குச் சிறுசெல் என்று ரிப்போர்ட் வந்தால் ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்வது நியாயம். நசுங்கிய கார்சினாய்டு, லிம்போமா (நிணநீர்ப் புற்று) இரண்டும் சிறுசெல் போலத் தோற்றம் காட்டும்.

பீடிக்கும் சிகரெட்டுக்கும் வகையில் வேறுபாடு உண்டா?

பீடியில் புகையிலை குறைவு, ஆபத்து குறைவல்ல. அதைச் சுற்றும் தெந்து இலை காற்றை உள்ளே விடாது. அணையாமல் இருக்க விடாமல் இழுக்க வேண்டும். வட இந்தியக் கணக்குகளில் ஸ்குவாமஸும் சிறுசெல்லும் நீண்ட காலம் உயர்வாக இருந்ததற்குப் பீடியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பீடி பிடித்தவருக்கு அடினோகார்சினோமா வராது என்று எவரும் சொல்லவில்லை. பழக்கத்தை வைத்து வகையை ஊகித்து மரபணுச் சோதனையைத் தவிர்ப்பது தவறு.

பழைய புத்தகத்தில் பெரிய செல் புற்று 10 சதவீதம் என்று இருக்கிறது. இப்போது அதைவிடக் குறைவாகச் சொல்கிறார்களே?

நோய் எங்கும் போகவில்லை, பெயர்தான் போனது. சுரப்பியின் சாயலும் இல்லை, ஸ்குவாமஸின் சாயலும் இல்லை என்றால் அதைப் பெரிய செல் என்று எழுதிவந்தார்கள். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடிச் சாயங்கள் பரவலானதும் இவற்றில் பெரும்பாலானவை அடினோகார்சினோமா என்றும், சில ஸ்குவாமஸ் என்றும் தெரியவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015 வகைப்பாடு, எந்தச் சாயமும் பிடிக்காத கட்டிக்கு மட்டுமே இந்தப் பெயர் என்று வரையறுத்தது. அதுவும் அறுத்தெடுத்த முழுக் கட்டியைப் பார்த்த பிறகுதான். சின்னத் துணுக்கு பயாப்ஸியில் (சதைப் பரிசோதனையில்) "பெரிய செல் புற்று" என்று எழுதக்கூடாது. புது விதிப்படி பார்க்கும் ஆய்வகங்களில் இது ஓரிரு சதவீதம்தான். உலகக் கணக்கில் இன்னும் 6.5 என்று நிற்பது, பழைய முறையில் எழுதும் ரிப்போர்ட்டுகள் நிறைய இருக்கின்றன என்பதன் அடையாளம்.

ஆய்வகத்தில் வகையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

எடுத்த சதை உடனே 10 சதவீத ஃபார்மலினில் விழ வேண்டும். சதையின் அளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். 6 முதல் 48 மணி நேரம் ஊறிய பின் மெழுகில் பதித்து "பிளாக்" ஆக்குகிறார்கள். அதிலிருந்து 4 மைக்ரான் தடிமனில் சீவி, முதலில் வழக்கமான ஊதா–இளஞ்சிவப்புச் சாயம். சுரப்பி வளையம், சளி தெரிந்தால் அடினோகார்சினோமா; கெரட்டின் முத்துகள், செல்களுக்கிடையே பாலங்கள் தெரிந்தால் ஸ்குவாமஸ். தெளிவாகத் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் சாயம் தேவையில்லை.

தெரியாதபோதுதான் ஆன்டிபாடிச் சாயம். டி.டி.எஃப்-1 பிடித்தால் அடினோகார்சினோமா பக்கம், பி40 செல்களில் பரவலாகப் பிடித்தால் ஸ்குவாமஸ் பக்கம். பெரும்பாலான கட்டிகளுக்கு இந்த இரண்டே போதும். அடினோகார்சினோமாவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு டி.டி.எஃப்-1 பிடிக்காமலும் போகும். அப்போது நாப்சின்-ஏ உதவலாம். பி40க்குப் பதிலாகப் பழைய பி63 போட்டால் சிக்கல், ஏனென்றால் அது அடினோகார்சினோமாவிலும் கணிசமாகப் பிடிக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பத்து பன்னிரண்டு சாயங்களை வரிசையாகப் போட்டுப் பிளாக்கைத் தீர்த்துவிடுவது. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல் போகும். வகையின் பெயர் கிடைக்கும். மரபணுச் சோதனைக்குச் சதை மிஞ்சாது. நோயாளி இன்னொரு முறை ஊசி வாங்க வேண்டியதாகும்.

"என்.ஓ.எஸ்." என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது தனி வகையா?

இல்லை. "வேறு வகையில் குறிப்பிடப்படாதது" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. சிறுசெல் அல்ல என்பதுவரை உறுதி, அதற்கு மேல் பிரிக்கச் சதை போதவில்லை அல்லது சாயம் பேசவில்லை என்று அர்த்தம். இந்தியக் கணக்குகள் பலவற்றில் ஒருகாலத்தில் இது பெரிய பங்காகவே இருந்தது. அதை நோயின் குணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது; பெரும்பாலும் அது சாம்பிளின் தரத்தைக் காட்டும் எண்.

என்ன தவறாகப் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இவைதான். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி ஸ்லைடில் தேய்த்து, பிளாக் செய்யாமல் விட்டிருப்பார்கள். பிராங்கோஸ்கோபியில் ஒன்றிரண்டு துணுக்கோடு நிறுத்தியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டியில் குறைந்தது ஐந்து துணுக்காவது எடுப்பது நல்லது. கட்டியின் நடுவில் செத்த பகுதியிலேயே ஊசி போயிருக்கும். விளிம்பிலிருந்து எடுத்திருக்க வேண்டும். இடுக்கி நசுக்கியதில் செல்கள் கோடுகளாக இழுபட்டிருக்கும். சிறுசெல் இப்படி நசுங்குவதில் பேர்போனது. ஃபார்மலின் கைவசமில்லாமல் வெறும் உப்புநீரில் போட்டு இரவு முழுக்க வைத்திருப்பதும் நடக்கிறது, செல்கள் அழுகிவிடும்.

வெளியிலிருந்து சி.டி. வழியே எடுக்கும்போது 18 அல்லது 20 கேஜ் ஊசியால் இழை இழையாக எடுத்தால் பெரும்பாலும் எல்லாச் சோதனைக்கும் போதும். நான்கைந்து பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியக்கூடும். அதில் சிறு பகுதியினருக்கே குழாய் போட வேண்டிவரும். முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பலர் அதைப் பிழையாக நினைத்து மறு பயாப்ஸிக்கு மறுத்துவிடுகிறார்கள்.

நெஞ்சில் தேங்கிய நீரை எடுத்தே வகை சொல்லிவிட முடியாதா?

பல சமயம் முடியும். நுரையீரல் உறையில் நீர் கோக்கும் புற்றில் அடினோகார்சினோமாதான் அதிகம். முதல் முறை எடுத்த நீரில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கே புற்றுச் செல் தெரியும். "செல் இல்லை" என்று வந்தால் புற்று இல்லை என்று பொருள் அல்ல. 50 மில்லிக்குக் குறையாமல் அனுப்பி, சுழற்றி அடியில் படிவதைப் பிளாக் ஆக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பிளாக்கிலேயே மரபணுச் சோதனையும் செய்யலாம்.

கார்சினாய்டு, நியூரோஎண்டோகிரைன், சிறுசெல் எல்லாம் ஒன்றா?

நரம்பு, ஹார்மோன் செல்களின் தன்மை கொண்ட நியூரோஎண்டோகிரைன் என்ற ஒரே குடும்பம், ஆனால் குணம் வேறு. சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயங்கள் இவை எல்லாவற்றிலும் பிடிக்கக்கூடும். அதனால் "நியூரோஎண்டோகிரைன் கட்டி" என்ற ஒற்றை வரியோடு நிற்கும் ரிப்போர்ட் ஆபத்தானது. பிரிப்பது செல் பிரிதலின் எண்ணிக்கையும் செத்த பகுதி இருக்கிறதா என்பதும்தான். 2 சதுர மில்லிமீட்டரில் செல் பிரிதல் இரண்டுக்கும் குறைவாக இருந்து, செத்த பகுதியும் இல்லையென்றால் சாதாரணக் கார்சினாய்டு. 2 முதல் 10 வரை அல்லது புள்ளிப் புள்ளியாகச் செத்த பகுதி இருந்தால் அசாதாரணக் கார்சினாய்டு. 10க்கு மேல் போனால் சிறுசெல் அல்லது பெரிய செல் நியூரோஎண்டோகிரைன் புற்று.

கார்சினாய்டுகள் மொத்தத்தில் 1 முதல் 2 சதவீதம். புகைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு, இளையவர்களுக்கும் வரும், சாதாரண வகை அறுவையோடு முடிந்துவிடக்கூடும். சின்னத் துணுக்கில் எண்ண முடியாதபோது, பிரியும் செல்களைக் காட்டும் கி-67 சாயம் கைகொடுக்கும்: சிறுசெல்லில் அது பொதுவாக 60 சதவீதத்துக்கு மேல், சாதாரணக் கார்சினாய்டில் மிகக் குறைவு. சிறுசெல் என்று எழுதிவிட்டுக் கி-67 10 சதவீதம் என்று இருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

சிறுசெல் என்றால் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள்?

வேகம். மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கும். மூளைக்குப் போகும் வழக்கம் அதிகம் என்பதால் தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காமல் நிலை முடிவு செய்வதில்லை. எட்டோபோசைடுடன் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் அடிப்படை மருந்து. ஒரே கதிர்வீச்சு வட்டத்துக்குள் அடங்கும் நோய் என்றால் கதிர்வீச்சும் சேரும். பரவியதற்கு அட்டிசோலிசுமாப், டுர்வலுமாப் போன்ற நோயெதிர்ப்பு ஊசிகள் சேர்க்கப்படுகின்றன. முதல் சுற்றுக்கே கட்டி கரைவது கண்கூடாகத் தெரியும்; திரும்பி வருவதும் அடிக்கடி நடக்கும். இரண்டாம் கருத்து வேண்டுமென்றால் ஸ்லைடை அனுப்பிவிட்டு ஓரிரு நாளில் கேளுங்கள். மூன்று வாரம் ஊர் ஊராக அலைவதற்கு இந்த வகை இடம் தராது.

அடினோகார்சினோமா என்று தெரிந்துவிட்டது. அதற்குள்ளும் வகை உண்டா?

இரண்டு விதமாக உண்டு. வடிவத்தை வைத்துப் பிரிப்பது ஒன்று: லெபிடிக், அசினார், பாப்பில்லரி, மைக்ரோபாப்பில்லரி, சாலிட். அறுத்தெடுத்த கட்டியில் ஒவ்வொன்றும் எத்தனை பங்கு என்று 5 சதவீதப் படிகளில் எழுதுவார்கள். மைக்ரோபாப்பில்லரி, சாலிட் போன்ற மோசமான வடிவங்கள் 20 சதவீதத்தைத் தொட்டால் கட்டி உயர் தரத்தில் சேரும். பழைய ரிப்போர்ட்டுகளில் வரும் பிராங்கியோலோஆல்வியோலார் என்ற பெயர் 2011இல் கைவிடப்பட்டது.

மற்றது மரபணு மாற்றம். மருந்தை முடிவு செய்வது இதுதான். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் கிழக்காசியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, மேலை நாடுகளில் 10 முதல் 15 சதவீதத்துக்கு. இந்தியா நடுவில், நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரை. ஏ.எல்.கே. 3 முதல் 7 சதவீதம். ஆர்.ஓ.எஸ்-1 ஓரிரு சதவீதம். ஆர்.இ.டி., மெட், பி.ராஃப் ஆகியவையும் அப்படிச் சிறு சிறு பங்குகள். கே-ராஸ் மேலை நாடுகளில் நான்கில் ஒருவருக்கு மேல், ஆசியாவில் குறைவு. இந்தச் சதவீதங்களுக்கும் மேலே சொன்ன எச்சரிக்கை பொருந்தும்: புகைபிடிக்காத பெண்கள் அதிகம் வரும் மையத்தில் இ.ஜி.எஃப்.ஆர். உயர்ந்து தெரியும்.

சோதனைக்குச் சீவலில் குறைந்தது 20 சதவீதம் புற்றுச் செல் இருப்பது நல்லது. எலும்பிலிருந்து எடுத்த சதையை அமிலத்தில் போட்டு மென்மையாக்கினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், இ.டி.டி.ஏ. கரைசல் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். சதை இல்லையென்றால் ரத்தத்தில் பார்க்கலாம். ரத்தத்தில் மாற்றம் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் அதை முடிவாகக் கொள்ளக்கூடாது.

வகை மாறினால் மருந்தில் உண்மையிலேயே என்ன மாறும்?

பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து ஸ்குவாமஸில் சரியாக வேலை செய்யாது. 2008இல் வெளியான பெரிய ஆய்வு இதைக் காட்டியது. கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஸ்குவாமஸ் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆரம்பகால ஆய்வில் உயிர்போகும் அளவுக்கு நுரையீரல் ரத்தக்கசிவு வந்தது, ஆகவே கொடுப்பதில்லை. இ.ஜி.எஃப்.ஆர். மாத்திரைகள் மாற்றம் இருப்பவர்களுக்கு மட்டும். ஆசியாவில் நடந்து 2009இல் வெளியான ஜெஃபிட்டினிப் ஆய்வில், மாற்றம் இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையைவிடக் கீமோவே நன்றாக வேலை செய்தது. "புகைபிடிக்காத பெண், மாத்திரை போட்டுப் பார்க்கலாம்" என்று சோதனை இல்லாமல் தொடங்குவது சரியல்ல.

ஏற்கனவே வகை தெரியும். மறுபடி எதற்கு பயாப்ஸி?

மாத்திரை சில காலம் கேட்டு, பிறகு கட்டி வளர்ந்தால் காரணம் தெரிய வேண்டும். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமுள்ள அடினோகார்சினோமா, சிகிச்சைக்குப் பின் நூற்றில் சிலருக்குச் சிறுசெல்லாகவே உருமாறுகிறது. ரத்தச் சோதனை இதைக் காட்டாது, சதைதான் காட்டும். அப்போது மருந்தும் சிறுசெல்லுக்கு உரியதாக மாறும்.

அறிகுறியை வைத்தே வகை சொல்லலாமா?

ஊகிக்கலாம், எழுதக்கூடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறுவது ஸ்குவாமஸில் அதிகம்; கட்டியின் நடுவில் குழி விழுவதும் அப்படியே. சோடியம் இறங்குவது, முகமும் கழுத்தும் திடீரென வீங்குவது, தொடைத் தசைகள் தளர்வது சிறுசெல்லை நினைவூட்டும். விதிவிலக்குகள் நிறைய.

நுரையீரலில் இருக்கும் புற்று எல்லாமே நுரையீரல் புற்றா?

இல்லை. மார்பகம், குடல், சிறுநீரகம் போன்ற இடங்களிலிருந்தும் நுரையீரலுக்குப் பரவும். அடினோகார்சினோமா என்ற பெயர் குடலுக்கும் மார்பகத்துக்கும் பொது; டி.டி.எஃப்-1 தைராய்டிலும் பிடிக்கும். எனவே பழைய புற்று இருந்தால், முப்பது ஆண்டுக்கு முந்தையதாக இருந்தாலும், பயாப்ஸி படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா தனி நோய், இந்தக் கணக்குகளில் சேராது.

ஆறு மாதம் டி.பி. மருந்து சாப்பிட்ட பிறகு புற்று என்கிறார்கள். இப்படி நடக்குமா?

நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் என எல்லாம் இரண்டுக்கும் பொது. சளியில் கிருமி தெரியாமலேயே மருந்து தொடங்கி, ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் சி.டி.யும் சதையும் பார்க்க வேண்டும். சதை எடுக்கும் நாளில் ஒரு துணுக்கை ஃபார்மலினில் போடாமல் உப்புநீரில் தனியாக டி.பி. கல்ச்சருக்கும் ஜீன் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்த துணுக்கில் கிருமியை வளர்க்க முடியாது. இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு.

வேறு மருத்துவமனையில் காட்ட எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. சாயம் போட்ட ஸ்லைடுகள் அனைத்தும், மெழுகுப் பிளாக்கும் வேண்டும்; புதிய இடத்தில் வகையை மறுபடி உறுதி செய்யவும் மரபணுச் சோதனைக்கும் பிளாக்தான் ஆதாரம். பிளாக்கின் எண் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஆய்வகம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டியிருக்கும். வெயிலில் நிற்கும் காரிலோ, பேருந்தில் இன்ஜின் பக்கமோ வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்கேனின் படச்சுருளைவிட, படங்கள் பதிந்த குறுந்தகடு அல்லது பென்டிரைவ் கேட்டு வாங்குங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை சுற்று என்ற டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் சேர்த்து ஒரே உறையில் வையுங்கள்.